லா பாஸுக்கு அம்மாவை அழைத்துப் போகலாமா?

பெரு, பொலிவியா பயணத்துக்கு டிக்கெட் எடுக்கவிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: கடல் மட்டத்தில் இருக்கும் லிமாவில் இரண்டு நாள் தங்கிவிட்டு, நேரே விமானத்தில் லா பாஸ் போய் நான்கு நாள் இருந்து, பிறகு பெருவின் குஸ்கோவையும் பொலிவியாவின் ஊயுனி உப்புவெளியையும் பார்க்கலாமா? உடன் வரும் 64 வயது அம்மாவுக்கு மூச்சு முட்டுமா? அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. ஆக்சிஜன் டப்பா வாங்கி வைத்துக்கொள்ள வேண்டுமா? கேள்விகள் பல என்றாலும் அடியில் கிடக்கும் பயம் ஒன்றுதான். ஊர் பார்க்கப் போய் அம்மாவை ஆபத்தில் மாட்டிவிடுவோமோ என்பதே அது. என் பதில்: போகலாம். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வரிசையில் போக வேண்டாம். மாத்திரையையும் ஆக்சிஜனையும் விட, எந்த ஊருக்குப் பிறகு எந்த ஊரில் இரவு தூங்குகிறீர்கள் என்பதுதான் இந்தப் பயணத்தைத் தீர்மானிக்கும்.

நான் மருத்துவன். பணிக்காலத்தின் ஒரு பகுதியை லடாக்கில், சமவெளியிலிருந்து மேலே வருகிறவர்களைக் கவனிப்பதில் கழித்தேன். ஓய்வுக்குப் பின் ஆண்டிஸ் நாடுகளில் சுற்றியிருக்கிறேன். லா பாஸில் நிதானமாகத் தங்கியும் இருக்கிறேன். ஆகவே உயரத்தைப் பற்றி நான் சொல்வதை ஒரு மருத்துவரின் சொல்லாகவும், ஊரைப் பற்றிச் சொல்வதை ஒரு பயணியின் சொல்லாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எண்கள். லா பாஸின் மையம் சுமார் 3,640 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லடாக்கின் லே நகரம் 3,500. ஆனால் நீங்கள் விமானத்தில் இறங்குவது லா பாஸில் அல்ல, அதற்கு மேலே விளிம்பில் இருக்கும் எல் ஆல்ட்டோவில். அந்த விமான நிலையம் 4,061 மீட்டரில் இருக்கிறது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான், குறைவது காற்றழுத்தம். லா பாஸில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. பறக்கும்போது விமானத்துக்குள் சுமார் 2,000 மீட்டர் உயரத்துக்குரிய அழுத்தத்தைப் பராமரிப்பார்கள். எல் ஆல்ட்டோவில் தரையிறங்கும் வேளையில் அதை வெளியே உள்ள அழுத்தத்துக்குக் குறைத்தாக வேண்டும். அதாவது விமானம் கீழே இறங்க இறங்க உங்கள் உடல் மேலே ஏறிக்கொண்டிருக்கும். மெல்லிய காற்று விமானத்தையும் விட்டுவைப்பதில்லை. ஓடுபாதை அங்கே நான்கு கிலோமீட்டர் நீளம். எரிபொருள் நிரப்பிய பெரிய விமானங்கள் அங்கிருந்து எழும்புவது கடினம் என்பதால் நெடுந்தூரச் சேவைகள் பெரும்பாலும் தாழ்வான சாண்டா குரூஸ் நகரத்துக்கே வருகின்றன.

தலைநகரம் என்ற சொல்லில் இங்கே ஒரு வழக்கு உண்டு. பொலிவியாவின் அரசியல் சட்டப்படி தலைநகரம் சுக்ரே. 1899-இல் முடிந்த உள்நாட்டுப் போருக்குப் பின் அரசும் நாடாளுமன்றமும் லா பாஸுக்கு வந்துவிட்டன. உச்ச நீதிமன்றம் சுக்ரேயிலேயே இருந்துவிட்டது. உலகின் மிக உயரமான தலைநகரம் நாங்களா நீங்களா என்று ஈக்வடாரின் கீட்டோ நகரத்தவர் வாதாடுவது இதை வைத்துத்தான். உங்களுக்கு இந்த வழக்கால் ஒரு லாபம் இருக்கிறது. சுக்ரே சுமார் 2,800 மீட்டரில்தான் இருக்கிறது. அதை ஏன் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

உங்கள் திட்டத்தில் என்ன தவறு? கடல் மட்டத்திலிருந்து சில மணி நேரத்தில் 4,000 மீட்டரில் இறங்குகிறீர்கள். உடல் பழகும் முன் வேகமாக மேலே போவதால் வரும் உயர நோய்க்கு இதைவிட நல்ல செய்முறை கிடையாது. இந்த விஷயத்தில் உலகம் படிக்கும் ஆதாரங்களில் ஒன்று நம் நாட்டிலிருந்து போனது. 1962 போரின்போதும் அதன் பின்னும் சமவெளியிலிருந்து அவசரமாக மேலே கொண்டுபோகப்பட்ட வீரர்களில் 1,925 பேரைக் கவனித்து, இந்திய ராணுவ மருத்துவர்கள் 1969-இல் எழுதிய கட்டுரை அது. அதற்குப் பிறகு ராணுவத்தில் வந்த பழக்கப்படுத்தும் முறை எளிமையானது. லே போன்ற உயரத்தில் இறங்குகிறவர் முதல் ஆறு நாள் அங்கேயே இருக்க வேண்டும். அதில் முதல் இரண்டு நாள் ஓய்வு, பிறகு மெதுவான நடை, பிறகு கொஞ்சம் கூடுதல் நடை. இருபது வயதுச் சிப்பாய்க்கே இதுதான் விதி. சுற்றுலாப் பயணிகளுக்கு மலை மருத்துவர்கள் சொல்வதும் இதே பாதையில் போகிறது. 3,000 மீட்டரைத் தாண்டிய பின் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள்; மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் இருங்கள். பகலில் எவ்வளவு உயரம் போனீர்கள் என்பதைவிட இரவில் எங்கே படுத்தீர்கள் என்பதே முக்கியம். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

நீங்கள் குஸ்கோவை லா பாஸுக்குப் பின்னால் வைத்திருக்கிறீர்கள். அதை முன்னால் கொண்டுவாருங்கள். லிமாவிலிருந்து குஸ்கோவுக்குப் பறந்து, அந்த ஊரில் தங்காமல் விமான நிலையத்திலிருந்தே காரில் உருபாம்பா பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். குஸ்கோ 3,400 மீட்டர். உருபாம்பாவும் ஒய்யந்தாய்த்தாம்போவும் 2,800-ஐ ஒட்டியவை. இரண்டு மூன்று இரவு அங்கே. மாச்சு பிச்சு இன்னும் தாழ்வு, 2,430. அதை முடித்துக்கொண்டு குஸ்கோவில் இரண்டு இரவு. பிறகு டிட்டிகாக்கா ஏரிக்கரையில் 3,830 மீட்டரில் இருக்கும் பூனோ, எல்லை தாண்டினால் கோபகபானா, அங்கிருந்து பஸ்ஸில் லா பாஸ். இந்த வழியில் வந்தால் லா பாஸ் உங்களுக்கு ஏற்றமே அல்ல, சற்றே இறக்கம். வழியில் டிக்கினா ஜலசந்தியில் பயணிகளை இறக்கிச் சிறு படகில் அனுப்பிவிட்டு, பஸ்ஸை மட்டும் ஒரு மரத் தெப்பத்தில் ஏற்றி அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். உங்கள் பெட்டிகளைச் சுமந்தபடி பஸ் தண்ணீரில் ஆடிக்கொண்டு போவதைக் கரையிலிருந்து பார்ப்பது, விமானத்தில் வருகிறவர்களுக்குக் கிடைக்காத கலக்கம்.

பெருவை விட்டுவிட்டுப் பொலிவியா மட்டும் போவதானால், சுமார் 400 மீட்டரில் இருக்கும் சாண்டா குரூஸில் இறங்கி, சுக்ரேயில் மூன்று இரவு தங்கி, பிறகு லா பாஸுக்கு வாருங்கள். சுக்ரே வெள்ளைச் சுவர்களும் ஓட்டுக் கூரைகளும் கொண்ட அமைதியான ஊர். உடலைப் பழக்குவதற்காகக் காத்திருக்கும் உணர்வே வராது. ஊயுனி உப்புவெளியும் உங்கள் பட்டியலில் இருக்கிறது. அதைக் கடைசியில் வையுங்கள். உப்புவெளி 3,650 மீட்டர்தான், ஆனால் அங்கிருந்து தெற்கே போகும் மூன்று நாள் ஜீப் பயணங்கள் 4,800 மீட்டருக்கு மேல் ஏறுகின்றன. இரவு தங்கும் இடங்கள் குளிரானவை, மருத்துவ வசதி தொலைவு. அம்மாவுடன் போவதானால் உப்புவெளியை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்புவதே போதும் என்பேன்.

யாருக்கு உயர நோய் வரும்? இங்கே மருத்துவம் தடுமாறுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பு இதே போன்ற உயரத்தில் நோய்ப்பட்டவருக்கு மறுபடியும் வர வாய்ப்பு அதிகம். இதுவே நம்மிடம் உள்ள நல்ல துப்பு. அதைத் தவிர, யாருக்கு வரும் என்று புறப்படும் முன்பே உறுதியாகச் சொல்லும் பரிசோதனை கிடையாது. தினமும் ஓடுகிறவர், யோகா செய்கிறவர் என்பதெல்லாம் காப்பு அல்ல. சொல்லப்போனால், திடமான இளைஞர்கள் தலைவலியை மதிக்காமல் ஏறிக்கொண்டே போவதால் அதிகம் மாட்டுகிறார்கள். வயதும் தனியாக ஒரு காரணம் அல்ல. உங்கள் அம்மாவைவிட நீங்கள் முதலில் படுக்கையில் விழுந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். உடல் தகுதி உதவாது என்பதற்கு எல்லோரும் லா பாஸ் கால்பந்து மைதானத்தைக் காட்டுவார்கள். 2009 ஏப்ரலில், மாரடோனா பயிற்சியாளராக இருந்த, மெஸ்ஸி ஆடிய அர்ஜென்டினா அணி அங்கே 6-1 என்று தோற்றது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஃபிஃபா 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேச ஆட்டம் கூடாது என்று தடை போட்டதும், அதை எதிர்த்து அப்போதைய அதிபர் எவோ மொராலெஸ் சஹாமா மலையில் 6,000 மீட்டரில் பந்தாடிக் காட்டியதும், மறு ஆண்டே தடை போனதும் பழைய கதை. அந்தத் தோல்விக்கு உயரம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அன்று பொலிவியா நன்றாகவும் ஆடியது.

அம்மாவின் ரத்த அழுத்தத்தைப் பற்றி. உயரத்தில் முதல் சில நாள் எல்லோருக்கும் அழுத்தம் கொஞ்சம் கூடும். கட்டுக்குள் இருக்கும் அழுத்தம் இந்தப் பயணத்துக்குத் தடை அல்ல. மாத்திரையை நிறுத்தக் கூடாது. அளவிடும் கருவியை எடுத்துப் போங்கள். ஆனால் அவருடைய இதயம் எப்படி இருக்கிறது, நடந்தால் நெஞ்சு இறுகுமா, நுரையீரலில் பழைய கோளாறு உண்டா, அவர் சாப்பிடுவது சிறுநீரைப் பெருக்கும் வகை மாத்திரையா என்பதையெல்லாம் இங்கிருந்து நான் பார்க்க முடியாது. அவரைத் தொடர்ந்து பார்க்கும் மருத்துவரிடம் 'மலைப் பிரதேசம் போகிறோம்' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். ஊட்டியும் மலைப் பிரதேசம்தான், அது 2,240 மீட்டர். '3,600 மீட்டரில் நான்கு இரவு, பகலில் 4,000 வரை' என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

மருந்துகளில் நிரூபணம் உள்ளது அசெட்டசோலமைட். வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், காலையும் இரவும், ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்கி மேலே போய் இரண்டு நாள் வரை. இது தலைவலியை மறைப்பதில்லை. உடல் பழகுவதையே விரைவுபடுத்துகிறது. விரல் நுனி கூசும், சிறுநீர் அடிக்கடி போகும், சோடா சப்பென்று இருக்கும், பயப்பட வேண்டாம். சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. நான் சொன்ன படிப்படியான வழியில் வந்தால் இது தேவைப்படாமலே போகலாம். நேரே விமானத்தில்தான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தால் கட்டாயம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லா பாஸ் மருந்துக் கடைகளில் சொரோஜ்சி என்ற பெயரில் விற்கும் மாத்திரை வேறு. அதில் முக்கியமாக ஆஸ்பிரினும் காஃபீனும் இருக்கின்றன, தலைவலிக்குக் கேட்கும், அவ்வளவுதான். அம்மா ஏற்கெனவே ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோ சாப்பிட்டால் அதைத் தர வேண்டாம். பூண்டு, ஜிங்கோ மூலிகை, குடம் குடமாகத் தண்ணீர் ஆகியவற்றுக்கு நம்பும்படியான சான்று இல்லை. தாகத்துக்குக் குடியுங்கள், போதும்.

கோகா இலைத் தேநீர் தனிக் கதை. ஹோட்டலில் நுழைந்ததும் நீட்டுவார்கள். அங்கே அது சட்டப்படியானது. இலையை மெல்லும் உரிமைக்காகவே பொலிவியா ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறி, 2013-இல் அந்த விலக்கோடு மறுபடி சேர்ந்தது. லேசான ஊக்கம் தரும், வயிற்றுக்கு இதமாக இருக்கும். உயர நோயைத் தடுக்கிறதா என்றால் சான்று மெலிந்தது. ஆண்டிஸ் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்வதை நான் தூக்கி எறியவும் மாட்டேன், அதை நம்பி மாத்திரையை விடவும் மாட்டேன். குடித்தால் சில நாள் வரை சிறுநீர்ப் பரிசோதனையில் கோகெய்ன் என்று காட்டும் என்பது மட்டும் உறுதி. அலுவலகத்தில் அப்படிப் பரிசோதனை உண்டென்றால் தவிர்த்துவிடுங்கள். இலையையோ தேநீர்ப் பொட்டலத்தையோ நினைவுப் பொருளாக இந்தியாவுக்குக் கொண்டுவரவே கூடாது. நம் சட்டத்தில் கோகா இலை போதைப்பொருள்.

ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களுக்கு மேல் வராது. விமானத்தில் கொண்டுபோகவும் விடமாட்டார்கள். நல்ல ஹோட்டல்களில் சிலிண்டர் வைத்திருக்கிறார்கள், அறை பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கொரோனா காலத்திலிருந்து பல வீடுகளில் இருக்கிறது. எடுத்துப் போவதானால் ஒன்றை மனத்தில் வையுங்கள்: ஊரில் 97 காட்டிய கருவி லா பாஸில் முதல் நாள் 88 காட்டும், 85 கூடக் காட்டலாம். எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள், ஆளைப் பாருங்கள்.

ஆளிடம் எதைப் பார்ப்பது? வந்து ஆறு மணி நேரத்துக்குப் பிறகு, பெரும்பாலும் முதல் இரவில், தலைவலி, குமட்டல், சோர்வு, தூக்கமின்மை வரும். ஓய்வெடுத்தால் ஓரிரு நாளில் போய்விடும். இரவில் இன்னொன்று நடக்கும்: தூங்குகிறவரின் மூச்சு சில நொடி நின்று, பிறகு பெருமூச்சோடு தொடரும். பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் உயிர் போய் உயிர் வரும். அந்த உயரத்தில் அது சாதாரணம். தூக்க மாத்திரை தர வேண்டாம். முதல் இரண்டு இரவு மதுவும் வேண்டாம். சாதாரணம் அல்லாதவை இவை: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, வறட்டு இருமல் நுரையோடு சேர்வது, உதடு நீலம் பாய்வது, பேச்சு குழறுவது, ஒரு காலின் விரல் நுனியை ஒட்டி மறு காலின் குதிகாலை வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடுவது. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் காலை வரை பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. ஆக்சிஜன் கொடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், பிறகு கீழே இறக்க வேண்டும். இறங்குவது குணமாக்கும் என்பதில் இரண்டு கருத்தில்லை.

ஆனால் லா பாஸில் இறங்குவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. வழிகாட்டி நூல்கள் இதைச் சொல்லிப் பார்த்ததில்லை. ஊர் ஒரு சட்டிக்குள் இருப்பது போல் இருக்கிறது. வெளியேறும் சாலைகளில் பெரும்பாலானவை முதலில் மேலே ஏறுகின்றன. மேற்கே போனால் எல் ஆல்ட்டோ, 4,000 மீட்டர். யுங்காஸ் பள்ளத்தாக்கு தாழ்வானதுதான், வெதுவெதுப்பானதுதான். ஆனால் அங்கே போக 4,600 மீட்டருக்கு மேலிருக்கும் லா கும்ப்ரே கணவாயைத் தாண்ட வேண்டும். நோயாளியை வைத்துக்கொண்டு செய்யும் காரியம் அல்ல. நடைமுறையில் இருக்கும் வழி, ஊரிலேயே தாழ்வான தெற்குப் பகுதிக்கு இறங்குவது, அல்லது மருத்துவர் சரி என்றால் சுமார் ஒரு மணி நேரப் பறப்பில் சாண்டா குரூஸ் போவது. இந்த நோயை லா பாஸ் மருத்துவர்கள் தினமும் பார்க்கிறார்கள் என்பது ஆறுதல்.

அந்தத் தெற்குப் பகுதியை நோய் வந்த பிறகு தேடிப் போவானேன்? முதலிலேயே அங்கே அறை எடுங்கள். சோனா சூர் என்பார்கள். கலக்கோத்தோ, இர்பாவி போன்ற பேட்டைகள் 3,300 மீட்டரை ஒட்டி இருக்கின்றன, மையத்தைவிட 300 மீட்டர் தாழ்வு. பல ஊர்களில் பணக்காரர்கள் காட்சி தேடிக் குன்றின் மேல் வீடு கட்டுவார்கள். லா பாஸில் காற்றும் வெதுவெதுப்பும் தேடி அவர்கள் கீழே போய்விட்டார்கள். ஏழைகளுக்கு உச்சி கிடைத்தது, பனி மலையின் காட்சியும் சேர்ந்து கிடைத்தது. மையத்தில் தங்கினால் சந்தைகள் பக்கம் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சந்தைத் தெருக்களின் ஏற்றத்தில் முதல் நாள் ஒரு பெட்டியை இழுத்துப் பார்த்தவர்களுக்கு என் யோசனை புரியும்.

மேலே போக வர 2014 முதல் கம்பியில் தொங்கும் பெட்டிகள் (ரோப் கார்) ஓடுகின்றன. 'மி டெலிஃபெரிக்கோ' என்று பெயர்; பத்துத் தடங்கள், ஏறக்குறைய 30 கிலோமீட்டர். சுற்றுலாவுக்காகக் கட்டியது அல்ல, வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதில்தான் போகிறார்கள், கட்டணமும் நம் நகரப் பேருந்து அளவில்தான். இர்பாவியில் பச்சைத் தடத்தில் ஏறி, மாறி மஞ்சள் தடத்தில் உட்கார்ந்தால் எல் ஆல்ட்டோ விளிம்பு வரை தூக்கிக்கொண்டு போய்விடும். நீச்சல் குளம் உள்ள மாடி வீடுகளில் தொடங்கி, பூச்சுப் பூசாத செங்கல் வீடுகள் ஒன்றன் தோள்மேல் ஒன்றாக ஏறுவதையும், மாடிகளில் துணி காய்வதையும், பின்னால் 6,438 மீட்டர் இல்லிமானி பனிமலை நிற்பதையும் காலுக்கு வேலை தராமலே பார்த்துவிடலாம். இந்த ஊரில் என் விதி ஒன்றே: ஏற்றம் கம்பியில், இறக்கம் காலில். அம்மாவுக்கு மூட்டு வலியும் இருந்தால் இறக்கமும் டாக்ஸியில்.

முதல் நாள் எதுவும் வேண்டாம். இரண்டாம் நாள் தெற்கிலேயே இருக்கும் 'நிலாப் பள்ளத்தாக்கு' போகலாம். மழை அரித்த களிமண் கூர்முனைகளுக்கிடையே சிறு நடை. மூன்றாம் நாள் மையம். முரில்லோ சதுக்கத்தில் நாடாளுமன்றத்தின் நெற்றியில் ஒரு கடிகாரம் இடப்பக்கமாகச் சுழல்கிறது. தென் கோளத்தில் சூரிய கடிகாரத்தின் நிழல் அப்படித்தான் சுழலும் என்று 2014-இல் மாற்றினார்கள். அதே சதுக்கத்தில்தான் 1946-இல் அதிபர் வில்லரோயலை மக்கள் விளக்குக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ தேவாலயத்துக்கு இறங்கி வாருங்கள். முகப்புக் கற்சிற்பங்களில் ஐரோப்பியத் தேவதூதர்களோடு உள்ளூர்ப் பழங்களும் முகங்களும் கலந்திருக்கின்றன. பின்பக்கத் தெருவில் சூனியக்காரிகள் சந்தை. லாமா என்ற ஆண்டிஸ் சுமைவிலங்கின் காய்ந்த கருக்கள் தொங்குவதைப் பார்த்து அம்மா முகம் சுளிக்கலாம். வீடு கட்டுகிறவர்கள் அடித்தளத்தில் பூமித்தாய் பச்சமாமாவுக்குப் படையலாக அதைப் புதைப்பார்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கடை வைத்திருக்கும், வட்டத் தொப்பி அணிந்த ஐமாராப் பழங்குடிப் பெண்கள் அதட்டுவார்கள், அதட்டுவதும் நியாயம். வியாழனிலும் ஞாயிறிலும் எல் ஆல்ட்டோவில் கூடும் சந்தை பிரம்மாண்டமானது, ஆனால் 4,000 மீட்டரில் நெரிசலில் நடப்பது. அதைக் கடைசி நாளுக்கு வையுங்கள், பணப்பையை உள்ளே வையுங்கள்.

தியாவானாக்கு இடிபாடுகள் ஒரு நாள் பயணம். சுமார் 70 கிலோமீட்டர், 3,850 மீட்டர், சமதளம். இன்காக்களுக்கு முந்தைய நகரம், போகலாம். சாக்கால்தாயா மட்டும் வேண்டாம். வேனில் ஏற்றி 5,300 மீட்டரில் இறக்கிவிடும் அந்தப் பயணத்தை வந்த மறுநாளே போகிறவர்கள் நிறைய. ஒரு காலத்தில் உலகின் மிக உயரமான பனிச்சறுக்குத் தளம் இருந்த இடம். அந்தப் பனியாறு 2009-இல் முற்றாக உருகிவிட்டது. 1947-இல் அங்கே வைத்த புகைப்படத் தகடுகள் பயான் என்ற துகளைக் கண்டுபிடிக்க உதவின என்பது இயற்பியல் படித்தவர்களை இழுக்கும். அவர்கள் ஒரு வாரம் பழகிவிட்டுப் போகட்டும்.

சாப்பாட்டில், மெல்ல நட, கொஞ்சம் தின், தனியே தூங்கு என்று புதிதாக வருகிறவர்களுக்கு அந்த ஊரார் ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். மூன்றாவதை உங்கள் விருப்பத்துக்கு விடுகிறேன், இரண்டாவது மருத்துவம். உயரத்தில் வயிறு மெதுவாகத்தான் வேலை செய்யும், இரவில் அரை வயிறு போதும். சைவம் என்றால் வெறும் 'இறைச்சி வேண்டாம்' போதாது; கீன்வா சூப்பும் நிலக்கடலை சூப்பும் பெரும்பாலும் எலும்புச் சாற்றில் கொதித்தவை, கேட்டுக்கொள்ளுங்கள். சோளமும் பாலாடைக்கட்டியும் சேர்த்து இலையில் வேகவைக்கும் உமிந்தா, மரவள்ளி மாவில் செய்யும் குன்யாப்பே, காலைக் குளிருக்கு ஊதாச் சோளக் கஞ்சியான அப்பி எல்லாம் பயமின்றிச் சாப்பிடலாம். லொகோத்தோ மிளகாயும் தக்காளியும் கல்லில் அரைத்த யக்வா துவையல் எதையும் நம் நாக்குக்கு இழுத்துவிடும். சோறு மட்டும் ஏமாற்றும். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 88 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாத சமையலறையில் அரிசி விதையாகவே நிற்கும்.

மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம், வானம் தெளிவு, இரவில் உறையும் குளிர். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை. குளிர்கிறதே என்று வெயிலை மறந்துவிடாதீர்கள். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் வீதம் புற ஊதாக் கதிர் கூடும், கருத்த தோலும் உரியும். சாலை மறியல் பொலிவியாவின் அன்றாட அரசியல் மொழி. ஒரு சங்கம் கோபித்துக்கொண்டால் பஸ் வழி மூன்று நாள் மூடிக் கிடக்கும். ஆகவே திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாள் வேறு ஊரில் இருக்காதீர்கள்.

கடைசியாக, உயரத்தோடு தொடர்பில்லாத, ஆனால் எல்லோரும் மறக்கும் ஒன்று. மஞ்சள் காய்ச்சல் கொசு லா பாஸ் உயரத்தில் இல்லை. ஆனால் இந்தியா ஊரைப் பார்ப்பதில்லை, நாட்டைப் பார்க்கிறது. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் என்று அது வைத்திருக்கும் பட்டியலில் பெருவும் பொலிவியாவும் இருக்கின்றன. தடுப்பூசிச் சான்று இல்லாமல் திரும்பினால் விமான நிலையத்திலிருந்து தனிமைப்படுத்தும் மையத்துக்கு ஆறு நாள் வரை அனுப்பலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லும். அதற்குப் பிறகு ஆயுளுக்கும் செல்லும். 60 வயதுக்கு மேல் முதல் முறையாக இந்த ஊசி போடுகிறவர்களுக்குக் கடுமையான பக்க விளைவு அபூர்வமாக, ஆனால் இளையவர்களைவிடக் கூடுதலாக வருகிறது. எனவே அம்மாவின் மருத்துவரிடம் உயரத்தைப் பற்றிக் கேட்கும் அதே சந்திப்பில் இதையும் கேளுங்கள். அவர் ஊசி வேண்டாம் என்று சொன்னால், விலக்குச் சான்று இருந்தாலும் திரும்பும்போது என்ன செய்வார்கள் என்பதை அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி மையத்தில் எழுத்துபூர்வமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு டிக்கெட் எடுங்கள்.